கதவின் கீழ் அரை விரல்

கோட்டைமுனையில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
பெண்கள் வந்து பேசிவிட்டுப் போகிற கந்தோர்.
உள்ளே ஒருத்தி அழுதால்
வெளியே வாங்கில் இருப்பவர்கள்
தங்கள் செருப்பைப் பார்க்கிறார்கள்.
"அதுதான் தம்பி பிரச்சினை" என்றார் தேவமனோகரி மிஸ்.
"செருப்பைப் பார்க்கிறார்களென்றால்
எல்லாம் கேட்கிறது."

சுவரெங்கும் முட்டை மட்டை ஒட்டியிருந்தார்கள்.
யாரோ சொன்னதாம்.
பல்லிகளுக்கு நல்ல வீடு.
மெத்தென்றது எதிரொலியைக் கொஞ்சம் குடிக்கும்,
பேச்சை மறிக்காது.
மறிக்கப் பாரம் வேண்டும்.

கட்டாரில் ஒன்பது வருடம்
ஹோட்டல் அறைகளுக்குத் தடுப்படித்தவன் நான்.
ஓர் அறையின் இருமல்
அடுத்த அறைக்குப் போகாமலிருக்கச் சம்பளம் வாங்கியவன்.

நிப்றாஸை உள்ளே விட்டு
நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னேன்.
காதைச் சுவரோடு வைத்து நடந்தேன்.
நடுச்சுவரில் ஒன்றுமில்லை.
சுவிச் பெட்டியில் தொண்ணூறு:
இந்தப் பக்கத்துப் பெட்டியும் அந்தப் பக்கத்துப் பெட்டியும்
முதுகோடு முதுகு, ஒரே துளை.
சீலிங்குக்கு மேலே எண்பத்திரண்டு:
தடுப்பு சீலிங்கோடு களைத்து நின்றுவிட்டது,
கூரைத் தகரம் மட்டும் யாரும் ஏற்றவில்லை.
கதவின் கீழே அரை விரல் இடைவெளியில்
எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு,
என் தோளில் கைபோட்டுச் சொன்னதுபோல.

காற்றுப் போகிற வழியெல்லாம்
கதையும் போகும்.

இரண்டாவது சுவர் எழுப்பினேன்.
முதலாவதை அது தொடக்கூடாது.
ஓர் ஆணி தொட்டாலும்
இங்கத்தைய நடுக்கத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.
இடையில் கண்ணாடிப் பஞ்சு,
கொழும்பு லொறியில் வந்தது, மூன்று நாள் சொறிந்தோம்.
கதவுக்குத் தடித்த பலகை, நாலு புறமும் றப்பர்,
சாத்தினால் தரைக்கு இறங்கும் ஒரு நாக்கு.

பதினொரு நாள்.
நிப்றாஸ் உள்ளே நின்று பாட்டே படித்தானாம்.
எனக்குக் கீழ்க்கடையில் கம்பி இறக்குவதுதான் கேட்டது.
மிஸ் வாங்கில் அமர்ந்து
ஐந்து நிமிடம், ஒன்றும் கேட்காததைக் கேட்டார்.
பிறகு காசோலை எழுதினார்.

செவ்வாய்க்கிழமை,
வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒருத்தி.
நான் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
கதவின் தடிப்பைப் பார்த்தாள்.
றப்பரை விரலால் அமத்தினாள்.
மிஸ்ஸிடம் அல்ல, என்னிடம் கேட்டாள்:
"உள்ளுக்க நிண்டு கத்தினா
வெளிய கேக்குமா?"

"கேக்கவே கேக்காது" என்றேன்.
பதினொரு நாள் வேலையல்லவா.

அவள் உள்ளே போகவில்லை.
வாங்கின் நுனியில் கொஞ்சம் இருந்தாள்.
பஸ்ஸுக்கு நேரமாகுது என்றாள்.
அந்த நேரத்தில் வாகரைக்கு ஏது பஸ்.

மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான்
எனக்கு விளங்கிற்று:
யாருக்கும் ஒன்றும் கேட்காத வீடொன்றிலிருந்துதான்
அவள் வந்திருக்கிறாள்.

பின்னேரம் கதவின் நாக்கைக் கழற்றினேன்.
மறுபடி அரை விரல்.
வாங்கின் தலைமாட்டில் ஒரு மேசைப் பேன்,
காத்தான்குடியில் பழையதாக வாங்கியது,
ஒரு சிறகு வளைந்து
கட கட கட.
திருத்தித் தரவா என்று கேட்ட கடைக்காரருக்கு
வேண்டாம் என்றது இன்னும் விளங்கியிருக்காது.

நிப்றாஸ் மறுபடி எண்ணினான்.
வாங்கில் இருந்தேன்.
யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்டது,
எந்த எண் என்பது கேட்கவில்லை.

"இப்ப கத்து" என்றேன்.

கீழே இரும்புக்கடைப் பொடியன்
கம்பியை அப்படியே போட்டுவிட்டு
படி படியாய்த் தாவி மேலே வந்தான்.
மூச்சு வாங்க, "என்ன, என்ன" என்றான்.

மிஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.
நான் பில்லைத் திருத்தினேன்:
பழைய பேன் ஒன்று, ஆயிரத்து ஐநூறு.
நாக்கு கழற்றியதற்குக் கூலி இல்லை.